சுவிட்ச் யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேராவது ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், ஊர்ல அப்பா அம்மா தனியா இருக்காங்க. வீட்டுக்கு ஸ்மார்ட் சுவிட்ச், மோஷன் சென்சார் எல்லாம் போடலாம்னு பார்க்கிறேன். எது நல்லது?" எந்தக் கம்பெனிச் சரக்கு நல்லது என்று சொல்ல நான் கடைக்காரன் இல்லை. முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவன். ஆகவே வகுப்பில் செய்த மாதிரியே அந்தப் பொருள் வந்த கதையைச் சொல்கிறேன். கதை தெரிந்தால் எதை வாங்குவது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

தூக்கினால் அணையும் விளக்கு

இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து என்ற பகுதி. அங்கே கிராக்சைடு என்று ஒரு மாளிகை இருக்கிறது. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் கட்டியது. பீரங்கி செய்து பெரும் பணக்காரர் ஆனவர். தன் எஸ்டேட்டில் இருந்த ஏரித் தண்ணீரைக் கொண்டு டைனமோ ஓட்டி, 1878-ல் வீட்டுக்குள் ஆர்க் விளக்கு எரித்தார். 1880-ல் அவருடைய நண்பர் ஜோசப் ஸ்வான் செய்த இழை பல்புகளைப் போட்டார். தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் விளக்கு எரிந்த முதல் வீடு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வீட்டு நூலக அறையில் அழகான எனாமல் ஜாடிகள் நான்கின் மேல் பல்புகள் இருந்தன. ஆனால் இன்று நாம் அறிந்த சுவிட்ச் அவற்றுக்கு இல்லை. ஜாடியின் அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் பாதரசம். ஜாடியை அதில் வைத்தால் சுற்று மூடும், விளக்கு எரியும். அணைக்க வேண்டுமா? ஜாடியைத் தூக்கிவிட வேண்டும். "பாதரசத்தைத் தொடாதே" என்று லேபில் நான் எத்தனை முறை கத்தியிருப்பேன் என்று என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாதரசத்தை வரவேற்பு அலங்காரம் மாதிரி மேஜையில் வைத்திருந்தார்கள்!

அங்கிருந்து அதிக தூரமில்லாத ஊர் நியூகாசில். அங்கே ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்ற இளைஞர் 1884-ல் ஒரு சின்ன வேலை செய்தார். அந்தக் கால சுவிட்சுகளில் ஒரு தொல்லை. கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால், பிரியும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே தீப்பொறி நீண்டு எரியும். முனை கருகும், சில சமயம் வீடே தீப்பிடிக்கும். ஹோம்ஸ் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமைப்பை வைத்தார். மனிதன் எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் சரி, ஒரு கட்டத்துக்குப் பிறகு முனைகள் வெடுக்கென்று பிரிந்துவிடும். நம் வீட்டுச் சுவிட்சில் கேட்கிற "டக்" சத்தம் அந்தக் குடும்பத்து வாரிசு. சுவிட்சை அரைகுறையாக நிறுத்தி வைக்க முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் காரணம் இதே தத்துவம்தான்.

அப்போதும் மக்களுக்குப் பயம் போகவில்லை. 1891-ல் அமெரிக்க வெள்ளை மாளிகைக்கு மின்சாரம் வந்தது. அன்றைய ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசனும் அவர் மனைவியும் ஷாக் அடிக்கும் என்று பயந்து சுவிட்சைத் தொடவே மாட்டார்களாம். ஒயரிங் செய்ய வந்த ஐக் ஹூவர் என்ற எலக்ட்ரீஷியனை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவர் மாலையில் விளக்கைப் போடுவார், காலையில் வந்து அணைப்பார். அமெரிக்க ஜனாதிபதி வீட்டின் முதல் "ஆட்டோமேஷன்" ஒரு மனிதர்!

இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், அவர் வரும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

தூரத்திலிருந்து ஒரு கை

ஸ்மார்ட் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மூன்று சாமான் இருக்கும். செய்தியை வாங்கும் ஒரு ரேடியோ, யோசிக்கும் ஒரு சிப், வேலையைச் செய்யும் ஒரு ரிலே. போனில் தட்டியதும் சுவருக்குள் "டிக்" என்று கேட்கிறதே, அது ரிலே.

இந்த மூன்றில் ரிலேதான் மூத்தது. ஸ்வானின் இழை பல்பையே விட மூத்தது. ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்கர், அவரும் வாத்தியார்தான், 1835 வாக்கில் பிரின்ஸ்டன் கல்லூரியில் இதைப் பயன்படுத்தினார். நீண்ட கம்பி வழியே வரும் மின்னோட்டம் மிகவும் பலவீனமாக இருக்கும். அதைக் கொண்டு பெரிய வேலை செய்ய முடியாது. ஆனால் ஒரு சின்ன மின்காந்தத்தை மட்டும் இழுக்க வைக்கலாம். அந்த மின்காந்தம் இழுக்கும்போது இன்னொரு பலமான சுற்றை மூடிவிடும். சின்னக் கை பெரிய கதவைத் திறக்கிற வித்தை. அவர் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கம்பி இழுத்து மனைவிக்குச் செய்தி அனுப்புவார், மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் என்று பிரின்ஸ்டனில் சொல்வார்கள்.

கம்பியில்லாமலும் செய்யலாம் என்று காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னப் படகை விட்டு, ரேடியோ அலையால் அதைத் திருப்பினார், அதன் விளக்கை எரித்து அணைத்தார். ஆக, நாம் இன்று "புதுசு" என்று வாங்குகிற பொருளின் அடிப்படை இரண்டும் 19-ஆம் நூற்றாண்டிலேயே தயார்.

அப்படியானால் வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு காலம்? எழுந்து போய் சுவிட்சைத் தட்ட முடிகிற மனிதனுக்கு இது அவ்வளவு தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் வேறு.

"என்னால் முடியும்"

ஸ்டோக் மாண்டவில் என்பது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காக 1944-ல் அங்கே தனிப் பிரிவு தொடங்கினார்கள். பாராலிம்பிக் விளையாட்டுகளின் ஆரம்பமும் அந்த இடம்தான். 1960 வாக்கில் ரெக் மாலிங் என்பவர் அங்கே நோயாளிகளுக்கு உதவப் போய்வந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்களைப் பார்த்தார். யாரையாவது கூப்பிட அவர்களுக்கு ஒரு மணியைத் தவிர வேறு வழியில்லை. ரேடியோவில் பிடிக்காத நிகழ்ச்சி ஓடினால் நிறுத்த ஆள் வரவேண்டும். முகத்தில் வெளிச்சம் அடித்தால் அணைக்க ஆள் வரவேண்டும். அந்த ஆள் எப்போது வருவாரோ அப்போதுதான்.

மாலிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கருவி செய்தார்கள். வாயருகே ஒரு மெல்லிய குழாய். அதில் ஊதினால் ஒரு சைகை, உறிஞ்சினால் ஒரு சைகை. மூச்சை வைத்தே வரிசையில் இருக்கும் வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். விளக்கு, ரேடியோ, அழைப்பு மணி, தட்டச்சு இயந்திரம்கூட. கருவியின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் பி.ஓ.எஸ்.எம். என்று வரும். அதை "பாஸம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு "என்னால் முடியும்" என்று பொருள்.

ஹோம் ஆட்டோமேஷன் வரலாறு என்று இணையத்தில் தேடினால் இந்தக் கதை பெரும்பாலும் வராது. 1966-ல் ஜிம் சதர்லேண்ட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் மிச்சம் மீதி உதிரிபாகங்களால் வீட்டிலேயே செய்த எக்கோ-4 கணினி வரும். 1969-ல் நெய்மன் மார்கஸ் கடை 10,600 டாலர் விலை போட்டு விளம்பரம் செய்த சமையலறைக் கணினி வரும். அவை சுவாரசியமானவைதான். ஆனால் ஒரு மனிதனின் அன்றாடத்தை மாற்றியது என்று பார்த்தால் அந்தக் குழாய்க்குத்தான் என் ஓட்டு. வசதிக்கு மேல் வசதி தேடியவர்கள் அதைச் செய்யவில்லை. இழந்த கையைத் திருப்பிக் கொடுக்க நினைத்தவர்கள் செய்தார்கள்.

சுவருக்குள் ஓடிய செய்தி

பொதுமக்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தது ஸ்காட்லாந்தின் கிளன்ராத்தஸ் ஊரில் இருந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சின்ன நிறுவனம். கால்குலேட்டர் சிப் செய்துகொண்டிருந்தவர்கள். இசைத்தட்டுக் கருவியைத் தூரத்திலிருந்து இயக்கும் வேலை ஒன்று அவர்களுக்கு வந்தது. அதைச் செய்யும்போதே "பாட்டுப் பெட்டியை இயக்கலாம் என்றால் விளக்கை ஏன் இயக்கக்கூடாது?" என்று தோன்றியிருக்கிறது. 1975-ல் வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுடைய பத்தாவது திட்டம் என்பதால் பெயர் எக்ஸ்-10. 1978-ல் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

அதன் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதிதாக ஒயர் இழுக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் ஒயரிலேயே செய்தியையும் அனுப்பினார்கள். ஏ.சி. மின்சாரம் அலை அலையாக வருகிறது என்று படித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு அலையும் மேலிருந்து கீழே போகும்போது ஒரு கணம் பூஜ்யத்தைத் தொடும். அந்த அமைதியான கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு சின்னத் துடிப்பை அனுப்பினால் "1", அனுப்பாவிட்டால் "0". வீட்டுக்கு 16 எழுத்து, கருவிக்கு 16 எண், ஆக மொத்தம் 256 முகவரி. ஒரு கட்டளை போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும்.

குறைகளும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தால், அவர் பட்டனை அழுத்த நம் வீட்டு விளக்கு எரியும். போட்ட கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் வராது. ஆனாலும் அந்தச் செய்தி வீட்டின் ஒயருக்குள்ளேயே புறப்பட்டு அங்கேயே முடிந்தது. வெளியே யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதனால்தான் கம்பெனி மறைந்து பல வருடம் ஆனபின்பும் பழைய எக்ஸ்-10 பெட்டிகளை வேலை வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

இலங்கைக் கல்லும் நம் வீட்டு சென்சாரும்

இனி மோஷன் சென்சார். இதன் கதை நமக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஒரு வகை நிறக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அதைச் சூடாக்கினால் சாம்பல் துகள்கள் பறந்து வந்து அதில் ஒட்டும். டச்சு மொழியில் அதற்கு "சாம்பல் இழுப்பான்" என்றே பேர் வைத்தார்கள். இலங்கைக் காந்தம் என்றும் சொன்னார்கள். நாம் இன்று டூர்மலின் என்கிறோம். "தோரமல்லி" என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்த இழுப்புக்குக் காரணம் மின்னூட்டம் என்று 1756-ல் ஏபினஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து காட்டினார். 1824-ல் டேவிட் புரூஸ்டர் இந்தக் குணத்துக்குத் தனிப் பெயர் வைத்தார். தமிழில் வெப்பமின் விளைவு என்று சொல்லலாம். முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கல் சூடாக இருப்பதால் மின்னூட்டம் வருவதில்லை. சூடு மாறும்போது மட்டுமே வரும்.

இதற்கிடையில் 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி வெளிச்சமே இல்லாத இடத்தில் வைத்தார். அங்கே பாதரசம் இன்னும் மேலே ஏறியது! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் அகச்சிவப்பு. உங்கள் உடம்பும் என் உடம்பும் இந்த நிமிடம் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அலைநீளம் சுமார் 9-10 மைக்ரோமீட்டர். இருட்டில்கூட நாம் ஒளிர்கிறோம், கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

அசைவைக் கண்டுபிடிக்க முதலில் பயன்பட்டது வெப்பமில்லை, ஒலி. 1950-களின் தொடக்கத்தில் சாமுவேல் பாக்னோ என்ற அமெரிக்கர் திருட்டைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்தார். காதுக்குக் கேட்காத ஒலியை அறை முழுக்க அனுப்பும். அசைகிற ஆள் மேல் பட்டுத் திரும்பினால் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். டாப்ளர் விளைவு. ரயில் ஹாரன் நெருங்கும்போது ஒரு சுருதி, கடந்துபோகும்போது வேறு சுருதி என்று பத்தாம் வகுப்பில் சொல்வேனே, அதேதான். ஆனால் ஜன்னல் திரை ஆடினாலும் திருடன் என்று அலறும்.

1970-களில் வந்த பி.ஐ.ஆர். சென்சார்தான் நம் வீட்டு வாசலில் இருப்பது. அது எந்த அலையையும் அனுப்புவதில்லை, வருகிற அகச்சிவப்பை வாங்கிக்கொள்வதோடு சரி. உள்ளே இலங்கைக் கல்லின் அதே குணம் கொண்ட இரண்டு சின்னத் துண்டுகள், ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருக்கும். அறை மொத்தமும் சூடானால் இரண்டும் சமமாகச் சூடாகி, ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஆள் நடந்து போனால் முதலில் ஒரு துண்டின் மேல் படும், பிறகு மற்றதன் மேல். அந்த வித்தியாசம்தான் "அசைவு". முன்னால் இருக்கும் கட்டம் கட்டமான வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி வெறும் அழகுக்கு இல்லை. கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனல் வடிவமைத்து, 1823-ல் பிரான்சின் கோர்துவான் விளக்கத்தில் ஏற்றிய லென்சின் பேரப்பிள்ளை அது. அங்கே விளக்கின் ஒளியைக் கடலுக்கு அனுப்பியது. இங்கே அறையின் மூலைகளிலிருந்து வெப்பத்தைச் சென்சாருக்குக் கொண்டுவருகிறது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அதன் குணங்களும் புரியும். பாத்ரூமில் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடுகிறதே என்று சலித்துக்கொள்கிறோம். மாற்றம் இல்லாவிட்டால் மின்னூட்டம் இல்லை, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் சில சமயம் சரியாகப் பிடிக்காது. சுவரின் சூடும் நம் உடம்பின் சூடும் ஒன்றாகிவிட்டால் வித்தியாசத்தை எங்கே தேடும்? சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் தாமதமாகவும், குறுக்கே நடந்தால் உடனேயும் பிடிக்கும். ஆகவே நடக்கும் வழிக்குப் பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

சுவிட்ச் வீட்டைவிட்டு வெளியே போன கதை

1999-ல் டென்மார்க்கில் இசட்-வேவ், அதற்குச் சில வருடம் கழித்து ஜிக்பீ என்று வீட்டுக் கருவிகளுக்கான தனி ரேடியோ முறைகள் வந்தன. 2012-ல் பிலிப்ஸ் ஹியூ பல்பு வந்தது. ஆனால் நம் ஊர்க் கடைக்கு இதைக் கொண்டுவந்தது 2014-ல் ஷாங்காய் நகரின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.பி. 8266 என்ற சின்னச் சிப். வைஃபையும் கணிக்கும் மூளையும் ஒன்றாக, மிக மலிவாக. தனிப் பெட்டி தேவையில்லை, வீட்டு வைஃபை போதும். சில நூறு ரூபாய்க்கு ஸ்மார்ட் பிளக் கிடைக்க ஆரம்பித்தது.

இங்கேதான் ஒரு திருப்பம், யாரும் அதிகம் கவனிக்காமல் நடந்தது. அதுவரை சுவிட்சின் செய்தி வீட்டுக்குள் ஓடியது. இப்போது பல மலிவுக் கருவிகளில், நீங்கள் ஹாலில் உட்கார்ந்து ஹால் விளக்கைப் போட்டாலும், செய்தி போனிலிருந்து கிளம்பி, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து தலைக்கு மேலே உள்ள பல்பை எரிக்கிறது. துபாயிலிருந்து ஊர் வீட்டு விளக்கைப் போட முடிவதற்கு இதுதான் காரணம். அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஐக் ஹூவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் மறுபடியும் இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது.

அந்தக் கை விலகினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ரிவால்வ் என்று ஒரு பெட்டி, சுமார் 300 டாலர். வீட்டு விளக்கு, கதவு, சென்சார் எல்லாவற்றையும் சேர்த்து இயக்கும். 2014-ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதி சேவையை நிறுத்தியது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அது வெறும் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. செயலி வேலை செய்யவில்லை. அவர்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? சுவரில் இருந்த அவர்களுடைய சுவிட்சைக் கையால் தட்டினால் விளக்கு எரிந்தது. அதே வருடம் ஜூனில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அந்தக் கம்பெனியை வாங்கி மறுபடியும் ஓட்டினார்கள்.

பெரிய கம்பெனிகளும் பாடம் படித்தன. 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம், கட்டளையை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே நடத்தும்படி அமைந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் போன்ற இலவச மென்பொருளை வைத்து, ஆர்வலர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி சார், எதை வாங்குவது?

வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, இன்டர்நெட் இல்லாதபோது சுவரில் கையால் தட்டினால் விளக்கு எரியுமா? எரியாவிட்டால் வேண்டாம். ஸ்மார்ட் பல்பை விட, பழைய சுவிட்சுக்குப் பின்னால், போர்டுக்குள் வைக்கிற ரிலே நம் வீடுகளுக்கு ஏற்றது. அம்மாவுக்கு அறுபது வருடப் பழக்கம், அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைப்பார். ஸ்மார்ட் பல்புக்கு அதோடு உயிர் போய்விடும். பிறகு நீங்கள் சிங்கப்பூரிலிருந்து எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. "சுவிட்சைத் தொடாதீங்கம்மா" என்று அவருக்குக் கட்டளை போடுகிற கருவி யாருக்காக வாங்கியது?

இரண்டாவது, கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் இருக்கும்? சில பல்புகள் நடுராத்திரி கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும். அதை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, எவ்வளவு ஆம்பியர்? கீசரும் தண்ணி மோட்டாரும் சின்ன ரிலேயின் வேலை இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தூரத்திலிருந்து கீசரைப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். எர்த், ஆர்.சி.சி.பி. சரியாக இருக்கிறதா என்று அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை உள்ள வழியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே இரண்டு சென்சார் விளக்கு வையுங்கள். வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கண் கூசாத மஞ்சள் வெளிச்சம் போதும். என் வயதில் இருட்டில் ஒரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு, ஆபரேஷன், ஆறு மாதம் படுக்கை என்று போகும். இந்த மொத்த வரலாற்றிலும் விலைக்கு மிஞ்சிய பலன் தருவது இந்தச் சின்ன விளக்குதான். எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. என் மனைவி அதற்கு ராத்திரிக் காவல்காரன் என்று பேர் வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. இதைத் தொழில்நுட்பம் தெரிந்த பிள்ளைகள்தான் அதிகம் மறக்கிறார்கள்.

என் வயதுக்காரர் ஒருவர், தினமும் காலையில் என்னோடு நடக்க வருபவர், ஒரு நாள் சொன்னார்: "வாத்தியாரே, பையன் போன் பண்ணி, 'அப்பா, நேத்து ராத்திரி நாலு தடவை எந்திரிச்சிருக்கீங்க, சர்க்கரை டெஸ்ட் எடுத்துப் பாருங்க'ங்கிறான். அக்கறையாத்தான் சொல்றான். ஆனா நான் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனேன்னு அவனுக்கு அங்கே உட்கார்ந்து தெரியுதேன்னு நெனச்சா கூச்சமாப் போச்சு." சென்சார் வைக்கும்போது விளக்குக்காக என்று சொல்லியிருக்கிறார்கள். செயலியில் ஒவ்வொரு அசைவும் மணி நேரத்தோடு பதிவாகும் என்று யாரும் சொல்லவில்லை.

மகனிடம் நேராகப் பேசுங்கள் என்றேன். பேசினார். இப்போது அந்தச் சென்சார் விளக்கை மட்டும் எரிக்கிறது, யாருக்கும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, காலை எட்டு மணி வரை சமையலறையில் அசைவே இல்லை என்றால் மட்டும் மகனுக்கு ஒரு செய்தி போகும். அந்த நேரத்தையும் இடத்தையும் அவரே சொல்லி வைக்கச் சொன்னார். "எட்டு மணிக்குள்ள நான் காபி போடலேன்னா, ஏதோ ஆயிடுச்சுனு அர்த்தம்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஸ்டோக் மாண்டவில்லில் அந்தக் குழாயைப் பிடித்திருந்தவர்கள் படுத்த படுக்கையாக இருந்தவர்கள். ஆனாலும் எதைப் போடுவது, எதை அணைப்பது என்பது அவர்கள் மூச்சில் இருந்தது. நடமாடுகிற அப்பா அம்மாவுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கலாமா? ஆகவே பிள்ளைகளே, வாங்குங்கள், போடுங்கள், நல்ல பொருள்தான். போடும் முன் அவர்களை உட்கார வைத்து, எது எரியும், எது யாருக்குத் தெரியும், எப்படி நிறுத்துவது என்று மூன்றையும் சொல்லிக்கொடுங்கள். நிறுத்துவதை அவர்களையே ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் சென்சாரோ ஸ்மார்ட் சுவிட்சோ இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஃபேன் ரெகுலேட்டரைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய கதை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.